பெருமாள் பேருக்கே

ஆராவமுதனுக்குக் கோபம் வந்தால் வெளியே தெரியாது. எனக்கு வந்தால் கம்பெனி பஸ்ஸில் கடைசி சீட் வரை கேட்கும். அதனால்தான் எங்கள் சிநேகிதம் இத்தனை வருடம் ஓடுகிறது என்று என் மனைவி செண்பகம் சொல்வாள். அவன் எங்கள் ஊர்ப் பெருமாள் கோயில் அர்ச்சகன். நான் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் மில்லில் வேலை செய்கிற ராஜமாணிக்கம். அவன் அப்பா கருவறையில் நின்றார், என் அப்பா கழனிச் சேற்றில் நின்றார். எங்களை ஒரே பெஞ்சில் உட்காரவைத்தது அரசாங்கப் பள்ளிக்கூடம். சேர்த்து ஒட்டவைத்தது சினிமா.

கோயில் நடை மத்தியானம் சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள். அந்த இடைவெளியில் திருவள்ளூர் போய் மதிய ஆட்டம் பார்த்துவிடலாம் என்று கண்டுபிடித்தவன் அவன்தான். குடுமியைத் தொப்பிக்குள் திணித்துக்கொண்டு, என் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, என் சைக்கிளின் பின்னால் ஏறிக்கொள்வான். ஆனால் நடை திறக்கவேண்டுமே! படம் முடிவதற்குள் எழுந்து பஸ் பிடிக்க ஓடிவிடுவான். பாதிப் படங்களுக்கு அவனுக்கு முடிவே தெரியாது. மறுநாள் நான்தான் சொல்வேன். சில நாள் வேண்டுமென்றே வில்லனை ஜெயிக்கவைத்துச் சொல்வேன். அதை நம்பி நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான்.

அப்படிப்பட்டவனிடம் சினிமாக்காரர்களே தேடி வந்து நிற்கும் காலம் வந்தது. தை அமாவாசைக்குத் திருவள்ளூரில் கால் வைக்க இடம் இருக்காது. கூட்டத்தில் மாட்டிக்கொள்ள விரும்பாத சினிமாக்காரர் ஒருவர் ஊத்துக்கோட்டை ரோட்டில் இருக்கும் எங்கள் சின்னக் கோயிலுக்கு வந்து அர்ச்சனை செய்துவிட்டுப் போனார். அந்த வருடம் அவருக்கு வெண்குடை விருது கிடைத்துவிட்டது. தமிழ் சினிமாவில் பெரிய விருது அதுதான். டிவியில் அரைநாள் போடுவார்கள். சினிமாக்காரர்களுக்கு இது போதாதா? அடுத்த தை அமாவாசையிலிருந்து எங்கள் ஊர்த் தெருவில் கார் திரும்ப இடமில்லை.

விருதுக்கு யார் யார் நாமினேஷனில் வருவார்கள் என்று ஆராவமுதன் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான். அவனுக்கு ஜோசியமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. தட்டை வாங்கும்போது "யார் பேருக்கு?" என்று கேட்பான், அவ்வளவுதான். தன் பேர், பெண்டாட்டி பேர், பிள்ளை பேர், எல்லோருடைய நட்சத்திரமும் மூச்சுவிடாமல் சொல்கிறவன் பயந்துபோயிருக்கிறான்; வரலாம், வராமலும் போகலாம். படத்தின் பேரைச் சொல்கிறவன் இருக்கிறானே, அவன் கதை முடிந்தது. "படத்துக்கு என்ன நட்சத்திரம்?" என்று கேட்டால், பூஜை போட்ட நாளின் நட்சத்திரத்தை பஞ்சாங்கம் பார்த்து எழுதிக்கொண்டு வந்திருப்பான், பாவம். ஆனால் யார் ஒருத்தர் அமைதியாகத் தட்டை நீட்டி, "பெருமாள் பேருக்கே பண்ணிடுங்கோ" என்கிறாரோ, அவர் கேட்க வரவில்லை, நன்றி சொல்ல வந்திருக்கிறார். விருதுக் கமிட்டிக்குள்ளேயிருந்து யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள் என்று அர்த்தம்.

அன்று சாயங்காலம் டீக்கடையில் என்னிடம் பேர்களைச் சொல்வான். தட்டு நீட்டாத ஆட்களுக்குத் தன் சினிமாப் புத்தியைக் கொண்டு ஊகம் சொல்வான். மறுநாள் கம்பெனி பஸ்ஸில் அதை வைத்து ஒரு மகாபாரதமே நடக்கும். பெரும்பாலும் அவன் சொன்னது நடந்துவிடும்.

இதை மோப்பம் பிடித்து வந்தான் ஸ்ரீராமன். ஆராவமுதனின் அண்ணன் மகன், மெட்ராஸிலேயே பிறந்து வளர்ந்தவன். ஒரு அமாவாசைக்கு வந்து, குடும்பத்துப் பையன் என்ற உரிமையில் உள்ளே தூண் ஓரமாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சித்தப்பாவிடம் அந்தத் தட்டுக் கணக்கையும் கறந்துகொண்டு போனான். அந்த வாரமே யூடியூபில் உட்கார்ந்து நாமினேஷன் கணிப்பு என்று அத்தனை பேரையும் ஒப்பித்தான். அப்படியே பலித்தது. அப்புறம் வருடா வருடம் வந்தான், தூண் ஓரம் நின்றான், பெரிய ஆளாகிவிட்டான். சித்தப்பா பேரை ஒரு நாள் சொல்லியிருப்பானா? "என் இன்சைடர் சோர்ஸ்" என்பான், கடங்காரன். நான் குதிப்பேன். ஆராவமுதன், "போறான் விடுடா, நம்மாத்துக் கொழந்தைதானே" என்று என்னை அடக்கிவிடுவான்.

நம்மாத்துக் குழந்தை என்ன செய்தது தெரியுமா?

ஆராவமுதனுக்கு ஒரே மகள் ஜானவி. சாலிகிராமத்தில் ஹாஸ்டலில் தங்கி சினிமாவுக்கு ஒலி அமைக்கிற வேலை செய்தாள். உதவியாளாகவே வருடங்களை ஓட்டியவளுக்கு முதல் முறையாகத் தனியாக ஒரு படம் கிடைத்தது. பழவேற்காடு ஏரிக்கரை மீனவர்களைப் பற்றிய ‘உவர்நீர்’. சின்னப் படம். வெளியான அன்றே ஸ்ரீராமன் விமர்சனம் போட்டான். நடுவில் சத்தத்தை நிறுத்திவிட்டு, வாயை மட்டும் அசைத்துக் காட்டினான். அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஏதாவது கேட்டுச்சா? கேட்டிருக்காது. என் தங்கச்சி போட்ட சவுண்ட் இதுதான். இதுக்கு அவ ஊருக்குப் போய் எங்க சித்தப்பா கூட மணியாட்டலாம்" என்றான்.

அந்தத் துண்டு ஊர் ஊராகப் போயிற்று. எங்கள் பஸ்ஸிலேயே ஒருத்தன் போட்டுச் சிரித்தான். அவன் போனைப் பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே எறியப் போனேன், நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் கல்யாண வீட்டில் ஆராவமுதன் முகத்துக்கு நேரே வாயசைத்துக் காட்டினார்கள். ஜானவி போன் எடுப்பதை நிறுத்தினாள். தீபாவளிக்கு வரவில்லை. வைகுண்ட ஏகாதசிக்கும் வரவில்லை. அவள் அம்மா அம்புஜவல்லி மடப்பள்ளியில் புளியோதரை கிளறிக்கொண்டே அழுவாள். "கொழந்தை ஆத்துப் படியையே மிதிக்க மாட்டேங்கறாளே, யாராவது கேக்கப்படாதா?" என்பாள்.

படம் திருவள்ளூரில் சில நாள் ஓடியது. நானும் செண்பகமும் போனோம். கதை மெதுவாகத்தான் போயிற்று. ஆனால் ஒரு இடத்தில் படகுக்கு அடியில் தண்ணீர் வந்து மோதும் பாருங்கள், செண்பகம் சட்டென்று புடவையைத் தூக்கிக்கொண்டு காலை சீட்டின் மேல் வைத்துவிட்டாள். வந்து ஆராவமுதனிடம் சொன்னேன்.

"என் மனசு நோகப்படாதுன்னு சொல்றே" என்றான்.

"யோவ், சத்தியமா சொல்றேன்யா! நீ வா, நாளிக்கு மேட்னி போலாம்."

"கோயில்ல ஜோலி இருக்கு" என்று எழுந்து போய்விட்டான்.

மார்கழி முடியும்போது ஒரு நாள் அவனே என்னைத் தேடி வந்தான். முகம் சாந்தமாக இருந்தது. எனக்கு அதைப் பார்த்துத்தான் பயம்.

"ராஜமாணிக்கம், அவனை நாறடிக்கணும்டா" என்றான். "என் பொண்ணைப் பாத்து எத்தனை பேர் சிரிச்சாளோ, அத்தனை பேர் அவனைப் பாத்து சிரிக்கணும். அப்பதான் அவ தலையை நிமித்திண்டு ஆத்துக்கு வருவா."

"இன்னா பண்ணணும் சொல்லு. ஆள வச்சி அட்ச்சிடலாமா?"

"சீ! அடிச்சா ஆஸ்பத்திரியிலேர்ந்து வீடியோ போடுவான். உங்க மில்லுல ஒரு படம் எடுத்தாளே, என்னமோ தூசின்னு?"

‘இரும்புத் தூசி’. அதை மறக்க முடியுமா? எங்கள் மில் முற்றத்தில் படப்பிடிப்பு நடத்தினார்கள். ஷிப்ட் முடித்தவர்களையெல்லாம் கூட்டத்தில் நிற்கவைத்தார்கள். எல்லோருக்கும் முதுகில் படப் பேர் போட்ட கறுப்பு டி-சர்ட் கொடுத்தார்கள். படம் அந்த வருடம்தான் வந்தது, வந்த சுவடே தெரியாமல் போயிற்று. அதில் நடித்த நாங்களே இடைவேளையில் எழுந்து வந்துவிட்டோம். என் கூட வேலை செய்யும் இம்மானுவேல் அந்தச் சட்டையால்தான் தினமும் பைக்கைத் துடைக்கிறான்.

ஆராவமுதன் திட்டத்தைச் சொன்னான். சொல்லிவிட்டு விரலை நீட்டி எச்சரித்தான். "சன்னதியில யாரும் ஒரு வார்த்தை பொய் பேசப்படாது. சட்டையைப் போட்டுண்டு வாங்கோ. தட்டை நீட்டுங்கோ. பெருமாள் பேருக்குன்னு சொல்லுங்கோ. மீதியை அவன் மூளையே பாத்துக்கும்."

தை அமாவாசை வந்தது. கார்கள் வந்தன. ஸ்ரீராமனும் வந்து தூண் ஓரம் நின்றான். என்னை அவனுக்குத் தெரியும் என்பதால் நான் கொடிமரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். வெள்ளை வேன் ஒன்று வாசலில் வந்து நின்று, இம்மானுவேலும் எங்கள் பஸ் ஆட்கள் எட்டுப் பத்து பேரும் இறங்கினார்கள். எல்லோரும் துவைத்து இஸ்திரி போட்ட கறுப்புச் சட்டை. இம்மானுவேல் கூலிங் கிளாஸ் வேறு மாட்டியிருந்தான். அவன் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்குத் தாளம் போடுகிறவன். அன்று பெருமாளுக்கு முன்னால் அவன் நின்ற பவ்யத்தைப் பார்க்கவேண்டுமே!

"யார் பேருக்கு?" என்று ஆராவமுதன் வழக்கத்தைவிட உரக்கக் கேட்டான்.

"சாமி பேருக்கே பண்ணுங்க சாமி."

"நட்சத்திரம்?"

"அதெல்லாம் இன்னாத்துக்கு சாமி? எங்களுக்குன்னு ஒண்ணும் வேணாம்."

பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஸ்ரீராமன் கழுத்து கொக்கு மாதிரி நீண்டது. அவர்கள் வெளியே வந்ததும் பின்னாலேயே ஓடி வந்தான்.

"பிரதர், நீங்க இந்தப் படத்துல இருந்தீங்களா?"

"பின்ன? ஷூட்டிங் பூரா அங்கியேதான் சார் இருந்தோம்" என்றான் இம்மானுவேல். அதுவும் சத்தியமான வார்த்தைதானே! கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வேனில் ஏறிவிட்டான்.

ஸ்ரீராமன் திரும்பி உள்ளே போய்ச் சித்தப்பாவைக் கிண்டினான். "சித்தப்பா, அந்தக் கறுப்புச் சட்டைக்காரா எல்லாருமே பெருமாள் பேருக்கா பண்ணினா?"

"உன் காதுல விழலையா?"

"அந்தப் பட யூனிட்டேதானே?"

"நான் மனுஷா சட்டையைப் பாக்கறதில்லேடா. தட்டைத்தான் பாப்பேன்" என்று சொல்லி அவன் தலையில் சடாரி வைத்து அனுப்பினான் ஆராவமுதன். எனக்குக் கொடிமரத்தைக் கட்டிக்கொண்டு சிரிப்பை அடக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

அந்த முட்டாளுக்குப் பொறுக்கவில்லை. கார் நிறுத்திய இடத்திலிருந்தே நேரலை போட்டான். யாரும் மதிக்காத இரும்புத் தூசிதான் இந்த வருடம் வெண்குடையில் எல்லாப் பிரிவிலும் வரப்போகிறது, படம், இயக்கம், நடிப்பு, ஒளி, ஒலி என்று அடுக்கினான். "எழுதி வச்சுக்கோங்க. இது நடக்கலேன்னா இந்தச் சேனல்ல இனிமே என் மூஞ்சியே வராது" என்று சத்தியம் வேறு. அவன் சொன்னால் நடக்கும் என்று எல்லோரும் நம்பினார்கள். நாமினேஷன் அறிவிக்கிற டிவி நிகழ்ச்சியில் அவனையே விருந்தாளியாக நடுவில் உட்காரவைத்தார்கள். பழிவாங்க வேண்டும் என்று நாங்கள் கேட்டது ஒரு பங்கு என்றால், கிடைத்தது பத்துப் பங்கு.

அன்று நான் லீவு போட்டுவிட்டேன். நடை சாத்திய பிறகு, மண்டபத்தில் நானும் ஆராவமுதனும் ஒரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். முதல் பிரிவு வந்தது, இரும்புத் தூசி இல்லை. ஸ்ரீராமன் சிரித்துச் சமாளித்தான். அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதில் தண்ணீர் குடித்தான். அதற்குள் போன் திரையின் கீழே கமெண்டில் ஜனங்கள் அவனைக் கிழித்துத் தொங்கவிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் ஆராவமுதனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். வயிறு குளிர்ந்தது ஐயா! பொய் சொல்வானேன், என் கல்யாணத்தன்று கூட எனக்கு இப்படி இருந்ததில்லை. ஆராவமுதன் சிரிக்கவில்லை. அண்ணன் மகன் முகத்தில் வழிகிற வேர்வையையே பார்த்துக்கொண்டு, "இன்னும் வேணும்டா உனக்கு" என்று முணுமுணுத்தான்.

அப்புறம் ஒலிக்கான பிரிவு வந்தது. நாலு பேர்களைச் சொன்ன பிறகு நிகழ்ச்சி நடத்துகிற பெண், "உவர்நீர், ஜானவி ஆராவமுதன்" என்றாள்.

நான் எழுந்து குதித்தேன். டிவியில் அந்தப் பெண் ஸ்ரீராமன் பக்கம் திரும்பி, "சார், இவங்க உங்க சிஸ்டர்தானே? நீங்க ஒரு ரிவ்யூல என்னவோ சொல்லியிருந்தீங்களே?" என்று இனிமையாகக் கேட்டாள். அவன் வாய் அசைந்தது. ஒரு சத்தம் வரவில்லை. போனின் கீழே ஒரு வெள்ளமே ஓடியது. ஏதாவது கேட்டுச்சா, ஏதாவது கேட்டுச்சா என்று ஆயிரம் பேர் எழுதினார்கள்.

"அமுதா! பாத்தியாயா! பெருமாள் வச்சாரு பாத்தியா அவனுக்கு!" என்று ஆராவமுதனைப் பிடித்து உலுக்கினேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோஷம் என்று நினைத்து நான் பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் ஸ்ரீராமன் போன் செய்தான். "ஏன் சித்தப்பா இப்படிப் பண்ணினேள்?" என்று அழுதான்.

"நான் என்னடா பண்ணினேன்? பெருமாளுக்கு அர்ச்சனை பண்ணினேன்" என்றான் ஆராவமுதன். "நீ ஜானவிக்குப் போனைப் போடு. அவ காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேளு."

அவன் பிடித்திருக்கிறான். அந்த வீடியோவையும் எடுத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜானவி வந்து இறங்கினாள்.

நானும் செண்பகமும் இனிப்பு வாங்கிக்கொண்டு போனோம். அம்புஜவல்லி மகளைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஜானவி எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்ரீராமன் அழுது புலம்பியதில் அவளுக்கு முழுக் கதையும் தெரிந்திருந்தது. கறுப்புச் சட்டை, கூலிங் கிளாஸ் எல்லாம் நான் நடித்துக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆராவமுதன் ஊஞ்சல் பக்கம் நின்று அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த ஒரு முகத்துக்காகத்தானே இத்தனையும் செய்தான்!

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள். "சரி, ஸ்ரீராம் அண்ணாவுக்குக் குழி வெட்டியாச்சு. நீ டீக்கடையில நெஜமா சொன்னியே, அதைச் சொல்லுப்பா. சவுண்டுக்கு யார் யார்னு சொன்னே?"

ஆராவமுதன் பூணூலை இழுத்து விட்டுக்கொண்டான்.

"சொல்லேம்பா. அஞ்சு பேர் சொல்லுவியே."

அவன் என்னைப் பார்த்தான். அவன் சொன்ன ஐந்து பேரும் எனக்குத் தெரியும். பஸ்ஸில் போய் நான்தானே முழங்கினேன். அன்று டீக்கடையில் அவன் பேர்களைச் சொன்னபோது, சொந்த மகளாயிற்றே, கூச்சத்தில் விட்டுவிட்டான் என்று நானே நினைத்துக்கொண்டேன். இப்போது அவன் நின்ற நிலையைப் பார்த்ததும்தான் அது கூச்சம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

"நாலு கரெக்டும்மா" என்றேன்.

ஜானவி என்னைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"அந்த அஞ்சாவது நான் இல்லையா?"

"கொழந்தே..."

"படம் பாத்தியாப்பா?"

"திருவள்ளூர்ல நாலே நாள்தான் ஓடித்து. கோயில்ல ஜோலி..."

"மத்தியான ஆட்டம் இருந்துதுப்பா." அவள் குரல் உயரவே இல்லை. அவள் அப்பாவின் கோபம் அப்படியே அவளிடம் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். "ஸ்ரீராம் அண்ணா என் படத்தைப் பாத்துட்டுத் திட்டினான். நீ பாக்காமலே ஒத்துண்டே."

ஆராவமுதன் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டான். அம்புஜவல்லி வாயைப் பொத்திக்கொண்டாள். ஜானவி கதவைச் சாத்தவில்லை, கத்தவில்லை. அம்மா கொடுத்த காபியைக் குடித்தாள், கோயிலுக்குப் போய்ச் சேவித்துவிட்டு வந்தாள், மத்தியான ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நான்தான் பைக்கில் ஸ்டேஷனில் கொண்டுவிட்டேன். திரும்பி வரும்போது எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யாரைத் திட்டுவது என்றுதான் தெரியவில்லை.